வீராங்கனையின் பெயர்: ஏட்டிலிருந்து திரைக்கு

ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரத்தையொட்டிக் கிடக்கும் செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972-ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் தனிச் சிறப்புடையது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல்லில், மாண்ட வீரனுக்கு அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது; கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. வாயில்லா ஜீவனுக்கும் பெயர் சொல்லி நன்றி செலுத்திய பெருந்தன்மை வணங்கத்தக்கதே. ஆயினும் நடுகல் மரபில் பெண்ணானவள், வீரனை வானுலகுக்கு அழைத்துச் செல்லும் மங்கையாகவோ கணவனோடு உயிர் நீத்தவளாகவோதான் பெரும்பாலும் காட்சி தருகிறாள்.

இம்மலைவாழ் மலையாளிப் பழங்குடியினரின் பூர்வ கதையும் இத்தன்மையதே. சக ஆண்டு 1055-இல் கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர் குலத்துப் பெண்கள் எழுவரைக் கவர்ந்து சென்றனராம். மீட்கப் புறப்பட்ட ஆடவர் எழுவரும், தாங்கள் அழைத்துச் செல்லும் நாய்கள் தனியே திரும்பினால் தங்களுக்கு ஈமக்கடன் செய்துவிடுமாறு மனைவியரிடம் சொல்லிச் சென்றனராம். பாலாற்று வெள்ளத்தில் பாதி நீந்திய நாய்கள் கரைக்குத் திரும்பிவிடவே, வேடரை வென்று மீண்டவர்கள் தம் மனைவியர் கைம்மைக் கோலம் பூண்டிருக்கக் கண்டு, வேடர் குலப் பெண்களை மணந்து இம்மலையில் குடியேறினர் என்று தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் நூல் கூறுகிறது. கவரப்பட்ட பெண்கள், கைம்மை பூண்ட பெண்கள், மலைக்கு வந்து குடிவிளக்கிய பெண்கள் என மூவகையினர் இக்கதையில் வருகின்றனர். ஒருத்தியின் பெயரும் அதில் இல்லை.

இதனோடு ஒப்புநோக்கத் தக்கது பிரான்சு தேசத்து ஜோன் ஆஃப் ஆர்க்கின் சரித்திரம். தெய்வக் குரல் கேட்டதாகச் சொல்லிப் படை நடத்தி, 1429-இல் ஆர்லியன்ஸ் நகர முற்றுகையை நீக்கிய இக்குடியானவப் பெண் 1431 மே 30 அன்று ரூவான் நகரில் எரிக்கப்பட்டபோது அவள் பிராயம் ஏறக்குறைய 19. அவள் பெயர் அழியாது நின்றதற்கு முதற்காரணம், அவளைக் கொல்லத் துணிந்த நீதிமன்றமே அவள் விடைகளை நாள்தோறும் எழுதி வைத்ததாகும். தெய்வ அருள் உனக்கு உண்டா என்று கேட்டார்கள். உண்டென்றால் இறுமாப்பு, இல்லையென்றால் தானே ஒப்பிய குற்றம். இல்லையேல் ஆண்டவன் அருளட்டும், இருப்பின் அதைக் காக்கட்டும் என்னும் கருத்தில் அவள் மறுமொழி பகர்ந்ததும் அவ்வேட்டில் இருக்கிறது. 1456-இல் தீர்ப்பு ரத்தாயிற்று; 1840-களில் வரலாற்றறிஞர் கிஷ்ரா அவ்வேடுகளை அச்சேற்றினார்; 1920-இல் திருச்சபை அவளைப் புனிதையாக்கியது.

1928-இல் டிரையர் எடுத்த மௌனப் படம், அவ்வேட்டையே ஆதாரமாகக் கொண்டு, பல மாத விசாரணையை ஒரே நாளின் நிகழ்ச்சியாகச் சுருக்கி, ஜோனாக நடித்த ஃபால்கொனெட்டியின் முகத்திலேயே சகலத்தையும் காட்டிற்று. 1948-இல் விக்டர் ஃபிளெமிங், மேக்ஸ்வெல் ஆண்டர்சனின் நாடகத்தைத் தழுவி, இங்க்ரிட் பெர்க்மனை நாயகியாகக் கொண்டு, வர்ணத்தில் 145 நிமிடம் ஓடும் படமாக எடுத்தார். ஒளிப்பதிவுக்கும் உடையலங்காரத்துக்கும் ஆஸ்கார் பெற்ற அப்படம் கண்ணுக்கு விருந்துதான். எனினும் கோட்டையும் கொடியும் கவசமும் மிகுந்த அதனைவிட, ஏட்டை விட்டு அகலாத டிரையரின் படத்திலேயே ஜோன் உயிரோடு இருக்கிறாள் என்பது என் துணிபு. ஃபிளெமிங்கின் பேர்போன முந்தைய படமான ‘கான் வித் தி விண்ட்’டில் ஒளிப்பதிவு செய்த எர்னஸ்ட் ஹாலரையே அழைத்துவந்து, 1953-இல் சோராப் மோடி ஜான்சி ராணியின் சரித்திரத்தை வர்ணப் படமாக்கினார் என்பதும் இங்குக் குறிப்பிடத் தக்கது. ராணி லட்சுமிபாய்க்கும் எழுத்தாதாரங்கள் இருந்தன. மலைக்குடிப் பெண்ணுக்கு எழுதியவர் எவருமில்லை.

ஆதலால், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் முதியோர் சொல்லும் பூர்வ கதைகளை, விசேஷமாகப் பெண்கள் சொல்லும் வடிவத்தை, அவர்கள் சொன்னபடியே, சொன்னவர் பெயரோடு எழுதிவைக்கும் பணியை நம் பல்கலைக்கழகங்கள் இனியும் தாமதிக்கலாகாது.