ஞம், ஞியம்: ஒரு வியட்நாமியப் பெயரின் இரு உச்சரிப்புகள்

ஹனோயில் ‘ஙோ தி ஞம்’ என்றொரு தெரு உண்டு. ஹோ சி மின் நகரத்தில் ‘ஙோ தொய் ஞியம்’ என்றொரு தெரு உண்டு. இரண்டும் ஒரே மனிதரின் பெயர். 1775இல் அரசின் உயர்தேர்வில் தேறி, பின்னர் குவாங் சுங் மன்னரின் அவையில் இருந்து, 1803இல் மறைந்த அறிஞர் அவர். குடும்பப்பெயரான ஙோ எங்கும் மாறவில்லை. நடுப்பெயரும் இடுபெயரும் மட்டுமே வடக்கே ஒன்றாகவும் தெற்கே வேறாகவும் ஒலிக்கின்றன. இங்கே என் அக்கறை, பிள்ளைகளுக்கு அரிதாகவே வைக்கப்படும் அந்த இடுபெயர்மீதுதான்.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இது. 1847இல் அரியணை ஏறிய து டுக் பேரரசரின் பிறப்புப்பெயர் ஹோங் ஞம். முடிசூடியபின் கொண்ட பெயர் தி. அரசன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பது விதி. ஆகவே ‘தி’ தொய் ஆனது, ‘ஞம்’ ஞியம் ஆனது. இதுவரை எனக்கு உடன்பாடே. ஆனால் இதையே நீட்டி, ஹுயின், வோ என்ற குடும்பப்பெயர்களைப் போல ஞியமும் பழைய தென்னக வடிவம் என்று ஒரே பட்டியலில் சேர்க்கிறார்களே, அங்கேதான் மறுக்கிறேன்.

ஹுவாங் என்ற பெயர் ஹுயின் ஆனதற்குக் காரணமானவர், 1558இல் தெற்கே போன ஙுயென் ஹுவாங். வூ, வோ ஆனதற்குக் காரணம் 1738 முதல் 1765 வரை ஆண்ட வூ அரசர். அந்தத் தடைகள் பிறந்து வேரூன்றியபோது நாடு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. தெற்கின் தலைவர் பெயரை வடக்கே இருந்தவர்கள் ஒதுக்கவேண்டிய தேவையே இல்லை. அதனால் ஒலியின் எல்லை ஆட்சியின் எல்லையோடு பொருந்துகிறது. து டுக் காலம் அப்படியன்று. 1802லேயே நாடு ஒன்றாகிவிட்டது. 1847இன் தடை ஹனோயையும் கட்டியது. அப்படியிருக்க, ஹனோய் எப்படி ‘ஞம்’ என்றே சொல்கிறது? பழைய விளக்கத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

அந்த இடுபெயரின் சீன எழுத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இடப்பக்கம் ‘மனிதன்’ குறி. து டுக்கின் சகோதரர் எல்லோர் பெயரிலும் இந்தக் குறியுள்ள எழுத்தே வரவேண்டும் என்பது அரச குடும்ப ஏற்பாடு. வலப்பக்கம் ஒலியைத் தரும் உறுப்பு. நாட்காட்டியில் பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் ‘ஞம்’ அதுவே. மட்டத் தொனியில் சொல்வார்கள். இடுபெயரிலோ தொனி தாழ்ந்து, வடக்கே தொண்டையில் அறுந்து நிற்கும். 2022 ‘ஞம்’ ஆண்டு. ஹோ சி மின் நகரமான சைகோனிலும் அப்படியே சொன்னார்கள், ‘ஞியம்’ ஆண்டு என்று சொல்லவில்லை. தெற்கின் பொதுவான ஒலித்திரிபு என்றால் நாட்காட்டிச் சொல்லும் மாறியிருக்கவேண்டும். மாறியது இந்த ஒரு எழுத்து மட்டுமே. எனவே தடையே காரணம் என்பது உறுதிப்படுகிறது. ஆனால் வடக்கும் தெற்கும் பிரிந்த காரணம் இன்னும் தெரியவில்லை. ஹனோய் இலக்கியக் கோயிலில் தேர்ந்தோர் பெயர் பொறித்த 82 கற்கள் நிற்கின்றன. அவை சீன எழுத்தில் இருப்பதால், எப்பெயரை எப்படி உச்சரித்தார்கள் என்று சொல்லா.

என் கருத்து இதுதான்: பிரிவை உண்டாக்கியது அச்சு. தெற்கின் ஆறு மாகாணங்கள் 1862, 1867 ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயின. 1865இல் லத்தீன் எழுத்தில் அங்கே செய்தித்தாள் வந்தது. து டுக் 1883 வரை அரியணையில் இருந்தார். அதாவது, தடைக்குப் பழகிய வாயின் உச்சரிப்பு அந்தத் தடை உயிரோடிருக்கும்போதே தெற்கில் அச்சேறியது. 1895-96இல் வந்த பெரும் அகராதியைக் கையில் எடுத்தால் இது புரியும். அதன் தலைப்பில் ‘குவோக்’ என்ற சொல்லே தெற்கு வாய்க்கேற்பக் ‘குவக்’ என்று அச்சாகியிருக்கிறது. வடக்கிலோ 1915 வரை சீன எழுத்தில் தேர்வு நடந்தது. பெயர் எழுத்தாக மட்டுமே நிலைத்திருந்து, லத்தீன் எழுத்துக்கு வரும்போது அதன் முறையான ஒலியைத் திரும்பப் பெற்றது என்று கருதுகிறேன். நேர்ச்சான்று மெலிந்ததுதான், ஆனாலும் ஆட்சி எல்லையைக் காட்டும் விளக்கத்தைவிட இது வலுவானது.

ஒரு சிக்கல் எனக்கும் உண்டு. கடமையைக் குறிக்கும் ‘ஞியம் வூ’ ஹனோயிலும் அன்றாடச் சொல். பதவியேற்பு மட்டும் ‘ஞம் சுக்’. இரண்டிலும் அதே எழுத்துதான். ஞியம் தடையால் பிறந்ததா, முன்பே இருந்த மாற்றொலியைத் தடை தேர்ந்தெடுத்ததா? இரண்டாவதையே நம்புகிறேன், ஆகவே 1847ஐப் பிறந்த ஆண்டு என்று எழுதத் துணியமாட்டேன்.

பெயர் அருகியதற்கும் இதில் விடையுண்டு. து டுக் ஆண்ட 36 ஆண்டும் அந்த எழுத்தைப் பிள்ளைக்கு இட முடியாது. அதோடு, அது பேரரசின் பகைவரான குவாங் சுங்கின் பக்கம் நின்றவர் பெயர். இன்று சைகோனில் அந்தத் தெருவின் பெயரைக் கேளுங்கள்: ‘இயம்’ குறுகி ‘இம்’ ஆகும் தெற்கு வழக்கப்படி, எழுதியது ஞியமாக இருந்தாலும் காதில் விழுவது ‘ஞிம்’.