லே ஆல் சந்தை ஊர் மாறிய கதை

நம் பெரிய மார்க்கெட்டை (பலகையில் குபேர் அங்காடி என்று இருந்தாலும் புதுச்சேரிக்காரனுக்கு அது பெரிய மார்க்கெட்தான்) இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு எழுந்ததிலிருந்து, காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது யாராவது ஒருவர் என்னை நிறுத்திவிடுகிறார். "நீங்கள் நில ஆர்ஜிதப் பிரிவில் இருந்தவர்தானே சார், கடைக்காரனுக்குச் சட்டப்படி என்ன கிடைக்கும்?" என்று கேட்கிறார். நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கசப்பான பகுதி. மார்க்கெட் நிலம் நகராட்சியுடையது. தன் நிலத்தில் தானே கட்டிக்கொள்ள நகராட்சிக்கு நில ஆர்ஜிதம் தேவையில்லை. ஆர்ஜிதம் இல்லையென்றால் ஆர்ஜிதச் சட்டமும் வராது. 2013ஆம் ஆண்டின் புதுச் சட்டம் இடம்பெயரும் கைவினைஞருக்கும் சிறு வியாபாரிக்கும் ஒருமுறை உதவியாகக் குறைந்தது 25,000 ரூபாய், சாமான் ஏற்றிப்போக 50,000 ரூபாய் என்றெல்லாம் அட்டவணை போட்டிருக்கிறது. நிலத்தை எடுக்கும்போதுதான் அந்த அட்டவணையைத் திறப்பார்கள்.

நான் வேலை பார்த்த காலம் முழுக்க நடைமுறையில் இருந்தது 1894ஆம் ஆண்டின் பழைய சட்டம். அதில் 23ஆம் பிரிவு, முதல் உட்பிரிவு, ஐந்தாம் கூறு என்று ஒன்று உண்டு. நிலம் போனதால் ஒருவர் குடியிருப்பையோ தொழிலிடத்தையோ மாற்ற நேர்ந்தால், அதற்கான நியாயமான செலவைத் தரலாம் என்று அது சொல்லும். என் மேஜைக்கு வந்த கோப்புகளில் அந்த ஐந்தாம் கூறு என்பது வண்டி வாடகை, ஏற்றுக்கூலி இறக்குகூலி, அலமாரி கழற்றி மாட்டும் தச்சன் கூலி என்ற அளவில் நின்றுவிடும். இருபது வருஷமாக ஒரே மூலையில் கடை போட்டவனிடம் பழகிய வாடிக்கைக்கு என்ன விலை? அதை எழுத ஒரு பத்தியே படிவத்தில் கிடையாது. 1984 திருத்தத்தில் ஆறுதல் தொகை 15 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக உயர்ந்ததே, அதுவும் நில மதிப்பின் மேல்தான். நிலம் இல்லாத கடைக்காரனுக்கு எதன் மேல் 30 சதவீதம்?

பிரெஞ்சு வழியில் படித்தவனாதலால், இந்தக் கேள்விக்குப் பாரீஸ்காரர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அவர்கள் இதில் நம்மைவிட நூறு வருஷமாவது முந்திச் சண்டை போட்டவர்கள்.

மூன்றாம் நெப்போலியன் காலத்தில் ஓஸ்மான் என்ற அதிகாரி பாரீசை இடித்து அகலத் தெருக்கள் போட்டாரல்லவா, அப்போது இழப்பீட்டை முடிவு செய்தது 1841ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஒரு ஜூரி. ஜூரியில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் தாங்களே சொத்துக்காரர்கள், ஆகவே நகராட்சிப் பணத்தை அள்ளிக் கொடுத்தார்கள். வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, குத்தகைப் பத்திரம் கையில் வைத்திருந்த கடைக்காரருக்கும் சேர்த்து. நகராட்சி ஒரு தந்திரம் செய்து பார்த்தது. கட்டடத்தை முன்கூட்டியே வாங்கிவிட்டு, கடைக்காரரின் குத்தகை தானாக முடியும்வரை காத்திருந்தால் அவருக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை என்பது கணக்கு. 1860களில் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆர்ஜிதம் ஆன நிமிடமே குத்தகை முறிந்ததாக அர்த்தம், வாடகைதாரர் உடனே இழப்பீடு கேட்கலாம் என்று தீர்ப்பு. ஓஸ்மானின் செலவுக் கணக்கு வீங்கியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. பொய்க் கணக்குப் புத்தகம் எழுதித் தருவதே தொழிலாகக் கொண்ட ஏஜெண்டுகளும் கிளம்பிவிட்டார்கள். "எப்படிப் பணக்காரர் ஆனீர்கள்?" என்று கேட்டால் "என் கடையை இடித்தார்கள்" என்று பதில் சொல்வதாக அந்தக் காலத்துப் பாரீசில் ஒரு நகைச்சுவை உலவியது. எமில் ஸோலாவின் 'லா க்யுரே' நாவல் இந்தக் கொள்ளையைப் பற்றித்தான்.

இத்தனை ஊழலுக்கு நடுவிலும் ஒரு நல்லது நடந்தது என்பேன். கடை என்பது சுவரும் கூரையும் மட்டுமல்ல, அதற்கென்று தனி மதிப்பு உண்டு என்ற எண்ணம் அங்கே வேரூன்றிவிட்டது. 1926இல் அதைச் சட்டமாகவே எழுதினார்கள். 1953 செப்டம்பர் 30ஆம் தேதி வந்த ஆணை அதை முழுமையாக்கியது. குத்தகையைப் புதுப்பிக்க மறுக்கும் வீட்டுக்காரர், கடையின் வியாபார மதிப்பையும், மூட்டை கட்டி வேறிடம் போய் அமர்வதற்கான செலவையும், அதே மதிப்புள்ள இன்னொரு கடையை வாங்க ஆகும் கட்டணங்களையும் தர வேண்டும். நாம் குட்வில் என்று வாய்ப்பேச்சில் சொல்வதை அவர்கள் காகிதத்தில் ஏற்றிவிட்டார்கள்.

குமாஸ்தா புத்தி இருக்கிறதே, அது இன்னொன்றையும் கவனித்தது. அந்த ஆணையின் எண் 53-960. அதே தேதியில் அதற்கு முந்தைய எண்ணான 53-959இல் வந்த ஆணை, தேசிய அளவில் முக்கியமான மொத்தச் சந்தைகளை அமைப்பது பற்றியது. பாரீசின் நடுவிலிருந்த லே ஆல் சந்தையைப் பின்னாளில் கிளப்பியது இந்த 959தான்! கடைக்காரனைக் காக்கும் காகிதமும் சந்தையைப் பெயர்க்கும் காகிதமும் ஒரே கட்டில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்திருக்கின்றன.

லே ஆல் பற்றிப் பள்ளியில் ஸோலாவின் 'பாரீசின் வயிறு' படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். விடியுமுன் காய்கறி வண்டிகள் ஊருக்குள் வரும் தொடக்கக் காட்சியும், மீன் பகுதியில் இன்ஸ்பெக்டர் வேலை பார்க்கும் கதாநாயகனும் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறார்கள். (அரசாங்க ஊழியனைக் கதாநாயகனாக்கிய ஆசிரியர்கள் எத்தனை பேர்?) 1183இல் பிலிப் ஒகுஸ்த் மன்னர் அங்கே கூரை போட்டுக் கொடுத்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 800 வருஷச் சந்தை. 1850களில் பால்தார் என்ற கட்டடக் கலைஞர் முதலில் கல்லில் ஒரு கூடம் கட்ட, கோட்டை மாதிரி இருக்கிறது என்று ஊரே சிரித்தது. பேரரசர் அதை நிறுத்தி, எனக்குப் பெரிய குடைகள் போதும் என்றாராம். அப்படி வந்தவைதான் இரும்பும் கண்ணாடியுமான அந்தப் புகழ்பெற்ற கூடங்கள். பன்னிரண்டு கூடங்களில் கடைசி இரண்டு முடிந்தது 1930களில்.

ஊர் பெருத்தது, லாரி வந்தது, தெரு பெருக்கவில்லை. இரவெல்லாம் நெரிசல், காலையில் குப்பை. 1962இல் இடமாற்ற ஆணை வந்தது. பாரீசுக்குத் தெற்கே ஏழு கிலோமீட்டரில், ஓர்லி விமான நிலையத்தை ஒட்டி, ரன்ஜிஸ் என்ற ஊரில் புதுச் சந்தை எழும்பியது. 234 ஹெக்டேர், அதாவது மொனாக்கோ நாட்டைவிடப் பெரிது.

1969 பிப்ரவரி 27 முதல் மார்ச் 1 வரை நடந்த இடமாற்றத்தை 'நூற்றாண்டின் மூட்டை கட்டல்' என்று பத்திரிகைகள் எழுதின. ரொமேன் ரோலான் நூலகத்தில் தாமதமாக வந்து சேர்ந்த பிரெஞ்சுப் பத்திரிகைகளில் அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய 1,000 மொத்த வியாபார நிறுவனங்கள், 20,000 பேர், 1,500 லாரிகள், 5,000 டன் சரக்கு, எல்லாம் ஒரு வார இறுதியில். மார்ச் 3ஆம் தேதி ரன்ஜிஸில் வியாபாரம் தொடங்கிவிட்டது.

இந்த இடத்தில்தான் நம் மார்க்கெட் நண்பர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. லே ஆல் கூடங்களும் நகரத்தின் பொதுச் சொத்துதான். பொதுச் சொத்தின் மேல் கடை வைத்தவருக்கு 53-960 ஆணையின் பாதுகாப்பு கிடையாது. நம் கடைக்காரர்கள் நிலைமையேதான் அது. ஆனாலும் அந்த மொத்த வியாபாரிகள் பிழைத்தார்கள். என் கருத்தில் அதற்குக் காரணம் கையில் கிடைத்த காசு அல்ல. எல்லோரும் ஒரே நேரத்தில் போனார்கள். காய்க்காரர் இங்கே, பழக்காரர் அங்கே, மீன்காரர் வேறெங்கோ என்று சிதறவில்லை. சரக்கு வாங்குகிறவருக்கு வேறு வழியில்லாமல் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று. கூடவே, புதுச் சந்தையைச் சுற்றி ஒரு பாதுகாப்பு எல்லை போட்டார்கள். அந்த எல்லைக்குள், குறிப்பிட்ட பொருள்களை ரன்ஜிஸுக்கு வெளியே மொத்தமாக விற்கத் தடை. நீங்கள் போன பிறகு உங்கள் பழைய இடத்தில் இன்னொருவர் கடை விரித்து வாடிக்கையைப் பிடித்துக்கொள்ள முடியாது.

சென்னையில் கொத்தவால் சாவடியைக் கோயம்பேட்டுக்குக் கொண்டு போனபோதும் இதைத்தான் செய்தார்கள். 295 ஏக்கரில் வளாகம் ஒரு கை என்றால், குறிப்பிட்ட பொருள்களின் மொத்தச் சந்தை எங்கே இருக்கலாம் என்று கட்டுப்படுத்தும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு கை. ஒரு கையால் மட்டும் தட்டியிருந்தால் கொத்தவால் சாவடி காலியாகியிருக்காது.

ஆனால் பாரீஸ் கணக்கில் விடுபட்டவர்கள் உண்டு. சந்தையை நம்பிச் சுற்றுத் தெருக்களில் இருந்த சிற்றுண்டிச் சாலைகள், விடியற்காலை வெங்காய சூப் விற்றவர்கள், மணிக்கூலிக்குத் தள்ளுவண்டி தள்ளியவர்கள், மிச்சம் மீதி பொறுக்கி வயிறு வளர்த்தவர்கள். இவர்கள் கடையை யாரும் எடுக்கவில்லை, இடிக்கவில்லை. ஆகவே இழப்பு என்று எழுத இடமில்லை. கூட்டம் மட்டும் போய்விட்டது. இறைச்சி மொத்த வியாபாரம் 1973 தொடக்கம் வரை பழைய இடத்திலேயே நடந்ததால் சிலருக்கு நாலு வருஷம் மூச்சு விட முடிந்தது. நம் பெரிய மார்க்கெட்டைச் சுற்றி ரங்கப்பிள்ளை தெருவிலும் நேரு வீதியிலும் டீக்கடை, பை விற்பவர், மூட்டை தூக்குபவர், பூ கட்டுபவர் என்று எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மனு எழுதுகிறவர்கள் கடை எண் உள்ளவர்களின் பட்டியலோடு நிறுத்தாமல் இவர்களையும் ஒரு தனித் தாளில் சேர்க்கச் சொல்வேன். இன்னொன்று: வாடகை ரசீதுகளை வருஷ வாரியாக அடுக்கி நகல் எடுத்து வையுங்கள். எந்த நாட்டு எந்தச் சட்டமானாலும் அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான். மனுவில் பணத்தைவிட முதலில் கேட்க வேண்டியது, எல்லோருக்கும் ஒரே இடம், ஒரே நாள், திரும்பி வரும் கடை எண்ணுக்கு எழுத்து மூல உறுதி.

லே ஆல் கூடங்களை 1971 கோடையில் இடிக்கத் தொடங்கினார்கள். பல வருஷம் அங்கே பெரிய பள்ளம் மட்டும் இருந்தது. அந்தப் பள்ளத்துக்குள்ளேயே, 1974இல் வெளியான ஒரு சினிமாகூட எடுத்தார்கள். 1977இல் நிலத்தடி ரயில் நிலையமும் 1979இல் வணிக வளாகமும் வந்தன. பன்னிரண்டில் ஒரே ஒரு கூடத்தைப் பிரித்து எடுத்துப் போய், பாரீசுக்குக் கிழக்கே நோழான் என்ற ஊரில் முழுசாக மாட்டி வைத்திருக்கிறார்கள். அது எட்டாம் எண் கூடம், முட்டையும் கோழியும் விற்ற இடம். இப்போது அதில் கச்சேரி நடக்கிறது.