தண்டனைக் கணக்கில் நற்செயலின் இடம்

2019 நவம்பர் 29 அன்று லண்டன் பாலத்தை ஒட்டிய ஃபிஷ்மாங்கர்ஸ் ஹாலில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சிறைவாசிகளுக்காக நடத்திவந்த கல்வித் திட்டத்தின் ஐந்தாண்டு நிறைவு விழா நடந்துகொண்டிருந்தது. விழாவுக்கு வந்திருந்த உஸ்மான் கான் கத்திகளை எடுத்துக் குத்தத் தொடங்கினான், இருவர் இறந்தனர். மண்டபத்தில் அலங்காரத்துக்கு வைத்திருந்த நார்வால் திமிங்கிலத்தின் தந்தம், தீயணைப்புக் கருவி என்று கைக்கு அகப்பட்டதை ஏந்திச் சிலர் அவனை எதிர்த்துப் பாலம்வரை துரத்தினர். அவர்களுள் ஒருவர் ஸ்டீவன் கேலன்ட். 2005இல் ஒரு முன்னாள் தீயணைப்பு வீரரைக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, குறைந்தது 17 ஆண்டுகள் சிறையிலிருக்க வேண்டியவர். அன்று ஒருநாள் அனுமதியில் வெளியே வந்திருந்தார். 2020 அக்டோபரில் பிரிட்டன் அரசியின் கருணை அதிகாரத்தின் கீழ் அந்தக் குறைந்தபட்சக் காலத்தில் 10 மாதங்கள் குறைக்கப்பட்டன. இந்தக் குறைப்பு சரியே என்பது என் கருத்து. ஆனால் இதையே ஒரு நீதிபதி தண்டனை விதிக்கும்போது செய்திருந்தால் அது பிழையாகியிருக்கும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு வெறும் நடைமுறை வேறுபாடு என்று தோன்றலாம். நற்செயலுக்குச் சட்டத்தில் என்ன பொருள் என்பதே அதில்தான் அடங்கியிருக்கிறது.

நீதிமன்றமே இப்படிக் குறைத்த முன்மாதிரி உண்டு. வீடு புகுந்து திருடிய ஒருவர், வழக்கு நிலுவையில் இருக்கையில், தீப்பற்றிய வீட்டிலிருந்து மூன்று குழந்தைகளை மீட்க முயன்றார். 1982இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கருதி அவர் தண்டனையைக் குறைத்தது. மனித இயல்புக்கு இது இதமான தீர்ப்பு. ஆனால் திருட்டுக் கொடுத்த வீட்டுக்காரரின் பக்கமிருந்து பாருங்கள். அவருடைய இழப்பு, வேறெங்கோ எரிந்த வீட்டினால் ஒரு கடுகளவும் குறையவில்லை. தண்டனை என்பது குறிப்பிட்ட ஒரு தீங்குக்கும் அதைச் செய்தவரின் பொறுப்புக்கும் இடப்படும் அளவு. திருடிய பொருளைத் திருப்பித் தருவதும், தானே சரணடைவதும், குத்தியவரே காயம்பட்டவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வதும் அந்தத் தீங்கையே தொடுகின்றன. அவற்றைக் கணக்கில் எடுப்பதில் சிக்கல் இல்லை. தொடர்பற்ற நற்செயல் அப்படியன்று. குற்றச் சட்ட அறிஞர் ஆண்ட்ரூ ஆஷ்வர்த் இவ்வகைக் குறைப்பை ஏற்காததும் இந்தக் காரணத்தால்தான்: ஒருவரின் மொத்த வாழ்வுக்கு வரவுசெலவு எழுதுவது நீதிமன்றத்தின் வேலை ஆகாது. எழுதத் தொடங்கினால் பற்றுப் பக்கத்தையும் எழுதியாக வேண்டும். எரியும் வீட்டை வேடிக்கை பார்த்து நின்ற திருடனுக்கு ஓராண்டு கூட்டுவோமா? தவிர, தீப்பற்றிய வீட்டருகே நிற்க நேர்வது தற்செயல். பள்ளிக்கூடம் கட்டிக்கொடுப்பதும் அறக்கட்டளை நிறுவுவதும் பணமுள்ளவருக்கு மட்டுமே கைகூடும். தண்டனைக்கும் ஆடித் தள்ளுபடி உண்டென்றால் கடையில் முதலில் நுழைபவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நற்செயல் கைம்மாறு கேட்டு வரவில்லை. அது செய்தவரின் குணத்தைக் காட்டுகிறது, குணத்தைப் பாராமல் தண்டனை விதிப்பது குருட்டுத்தனம் என்பார்கள். இந்திய உச்ச நீதிமன்றமும் 1980இன் பச்சன் சிங் வழக்கில், குற்றவாளி திருந்தி வாழ வாய்ப்புண்டா என்பதை மரண தண்டனைக்கு எதிரான தணிப்புக் காரணங்களுள் வைத்தது. மறுப்பை ஏற்கிறேன், ஆனால் அது நிறுவுவது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அங்கே கேள்வியே திருந்தும் வாய்ப்பைப் பற்றியது. எனவே நற்செயல் அதற்குச் சான்றாக வருகிறது. சான்று என்றால் ஆராயலாம், குறுக்கு விசாரணை செய்யலாம், போதாது என்று தள்ளவும் செய்யலாம். விலை என்று வைத்துவிட்டால் செலுத்தியவருக்குப் பொருளைக் கொடுத்தே தீர வேண்டும். சான்றை ஏன் ஆராய வேண்டும் என்பதற்கு அதே மண்டபத்திலேயே விடை இருக்கிறது. உஸ்மான் கானும் தண்டனை பெற்று வெளிவந்தவன்தான். 2012இல் பயங்கரவாதக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, 2018 டிசம்பரில் விடுதலையானவன். அந்தக் கல்வித் திட்டத்தின் வெற்றிக்கு எடுத்துக்காட்டாகவே காட்டப்பட்டவன். திருந்தியவர் என்று நம்பப்பட்ட இருவர் அன்று ஒரே கூரையின் கீழ் இருந்தனர். இதை வைத்துச் சீர்திருத்தமே பொய் என்று வாதிடுவோர் கேலன்ட்டை மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் நன்றி சொல்லும் இடம் எது? தீர்ப்புக்குப் பிந்தைய கட்டம். குற்றத்தின் அளவை நீதிமன்றம் சொல்லி முடித்த பிறகு, சமூகம் தன் சார்பில் ஒரு கைதிக்கு நன்றி செலுத்தினால் பாதிக்கப்பட்டவருக்குச் சொன்ன சொல் மாறுவதில்லை. பிரிட்டனில் 2001இல், சிறைப் பண்ணை மேலாளரைக் காட்டுப்பன்றி குத்திக் கிழித்தபோது காப்பாற்றிய இரு கைதிகளைச் சற்று முன்னதாக விடுவித்தது இந்தக் கருணை அதிகாரம்தான். இந்தியாவின் மாதிரிச் சிறைக் கையேடும், பிறர் உயிரைக் காப்பவருக்கும் தீ, கலவரம் போன்ற நேரங்களில் உதவுபவருக்கும் சிறப்புத் தண்டனைக் குறைப்புக்கு இடமளிக்கிறது. ஆனால் நிர்வாகத்தின் கையில் கருணையை விட்டால் அரசியல் புகுந்துவிடும் என்ற அச்சம் வெற்று அச்சமன்று. கூட்டு வன்புணர்வும் கொலைகளும் நிரூபிக்கப்பட்ட பில்கிஸ் பானு வழக்கின் பதினொரு குற்றவாளிகளும் 2022 ஆகஸ்ட் 15 அன்று குஜராத்தில் விடுவிக்கப்பட்டபோது நன்னடத்தையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்துசெய்தது. அதைப் பிறப்பிக்கும் அதிகாரம் குஜராத் அரசுக்கு இல்லை என்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளன் விடுதலையில் கதை தலைகீழ்: அரசியல் சட்டப் பிரிவு 161இன் கீழான மனு இரண்டரை ஆண்டுகள் முடிவின்றிக் கிடந்ததால், 2022 மே மாதம் அவரது சிறை நடத்தை, அங்கே பெற்ற கல்வித் தகுதிகள், உடல்நிலை ஆகியவற்றோடு அந்தத் தாமதத்தையும் குறிப்பிட்டு உச்ச நீதிமன்றமே விடுவிக்க வேண்டியதாயிற்று. ஒன்றில் நிர்வாகம் எல்லை மீறியது, மற்றொன்றில் கடமையைத் தள்ளிப்போட்டது. இரண்டுக்கும் மருந்து, காரணங்களை எழுத்தில் தந்து குறித்த காலத்துக்குள் முடிவெடுக்கும் கட்டாயமே. கருணை ஆணைகளும் நீதிமன்ற மறுஆய்வுக்கு உட்பட்டவை என்று 2006இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேலன்ட் வழக்கில் இந்த ஒழுங்கு பெருமளவு காக்கப்பட்டது. குறைக்கப்பட்டது பத்தே மாதம். அதன்பின்னும் அவரை வெளியே விடலாமா என்ற முடிவு பரோல் வாரியத்திடமே இருந்தது. கொலைக்கான தீர்ப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆயுள் தண்டனையின் நிபந்தனைகள் அவர் உள்ளளவும் அவரைத் தொடரும்.