மிஸ்ஸிங் அடிக்கும் வேனும் லாஸ் ஏஞ்சலீஸ் புகையும்

வண்டி சிக்னலில் நிற்கும்போது மட்டும் உதறுது, கிளம்பி வேகம் எடுத்துட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. நம்ம ஊர் மெக்கானிக்கிட்ட இதைச் சொன்னா ஒரே வார்த்தையில முடிச்சிடுவார்: "மிஸ்ஸிங் அடிக்குது சார்." எரிய வேண்டிய நேரத்தில் ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமப் போகுதுன்னு அர்த்தம். எந்தச் சிலிண்டர்? அதைக் கண்டுபிடிக்கிறதுதான் வித்தை.

இன்னைக்கு அமெரிக்காவில் பழைய மினிவேன் வச்சிருக்கிற யாரும் இருபது டாலருக்கு ஒரு குட்டிக் கருவி வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற பதினாறு முனை சாக்கெட்டில் சொருகிப் பார்த்துக்கலாம். பி0303ன்னு காட்டினா மூணாவது சிலிண்டர். பி0300ன்னா இது அதுன்னு இல்லாம எல்லாமே விட்டு விட்டு எரியுது. இந்தச் சவுகரியம் மெக்கானிக்குக்காகவோ வண்டிக்காரனுக்காகவோ வந்தது இல்லைங்கிறதுதான் இந்தப் பதிவு.

முதல்ல பழைய கதை. சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் காடிலாக் கார்களுக்குக் கொடுத்த பேட்டரி, காயில், பாயின்ட் அமைப்புதான் அறுபது வருஷத்துக்கு மேல உலகம் பூரா ஓடினது. அந்தக் காலத்து இன்ஜினில் மிஸ்ஸிங் பார்க்க மெக்கானிக் பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொண்ணாப் பிடுங்குவார். நல்ல சிலிண்டரோட வயரைப் பிடுங்கினா இன்ஜின் சுருதி இறங்கும். எதைப் பிடுங்கினாலும் சத்தம் மாறலையோ, அதுதான் செத்த சிலிண்டர். எளிமையான யோசனை, ஆனா அப்பழுக்கில்லாதது. இன்னும் கொஞ்சம் வசதியான ஒர்க்‌ஷாப்பில் வாக்குவம் கேஜ் இருக்கும். நல்ல இன்ஜினில் முள் அசையாம நிற்கும், வால்வு கருகியிருந்தா சீரா இடைவெளி விட்டுத் துடிக்கும். பெரிய இடங்களில் சன் எலக்ட்ரிக் கம்பெனியோட ஆஸிலோஸ்கோப், அலமாரி சைசுக்கு. ஒவ்வொரு பிளக்கின் தீப்பொறியும் திரையில் கோடாக நிற்கும்.

இதெல்லாம் காதையும் கையையும் நம்பின காலம். மாத்தினது இன்ஜின் இல்லை, காத்து.

1943 ஜூலையில் ஒருநாள் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில் பகல்லயே பழுப்புப் புகை கவிஞ்சு ஜனங்களுக்குக் கண் எரிய ஆரம்பிச்சது. போர்க்காலம் ஆச்சா, ஜப்பான்காரன் விஷவாயு போட்டுட்டான்னு சில பேர் பயந்தாங்க. அப்புறம் ஒரு ரப்பர் தொழிற்சாலையைச் சந்தேகப்பட்டாங்க. உண்மையைப் பிடிச்சவர் கால்டெக்கில் வேலை பார்த்த டச்சுக்காரர் ஆரி ஹாகன்-ஸ்மிட். அதுவரைக்கும் அன்னாசிப் பழத்தோட மணம் எதிலிருந்து வருதுன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்த மனுஷன்! வண்டிகளும் சுத்திகரிப்பு ஆலைகளும் விடுற எரியாத ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து ஓசோனா மாறுதுன்னு 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். கார் கம்பெனிகளுக்கு இது ருசிக்கலை. 1968ல் கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியத்துக்கு அவரே முதல் தலைவரா வந்து உட்கார்ந்தார்.

மிஸ்ஸிங் அடிக்கிற சிலிண்டர் என்ன பண்ணுது? பெட்ரோலை எரிக்காம அப்படியே சைலன்சருக்கு அனுப்புது. ஹாகன்-ஸ்மிட் சொன்ன அதே ஹைட்ரோகார்பன். அதுவரைக்கும் சொந்தக்காரனோட தலைவலியா இருந்த மிஸ்ஸிங், ஊர்ப் பிரச்சினையா மாறினது இங்கேதான்.

1970ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1975 மாடல்களிலிருந்து பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் கேடலிடிக் கன்வர்ட்டர் ஏறினது. தேன்கூடு மாதிரி நுண்துளைகள் உள்ள பீங்கான், அது மேலே பிளாட்டினம் வகை உலோகப் பூச்சு. அதில் எரியாத பெட்ரோல் போய் விழுந்தா அங்கேயே எரிஞ்சு சூடேறும். சூடு மிஞ்சினா தேன்கூடு உருகி அடைச்சுக்கும். ஆக, ஓடுற இன்ஜினில் வயரைப் பிடுங்கிப் பார்க்கிற பழைய வைத்தியமே இப்போ வண்டிக்கு விஷம். எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்து வோல்டேஜ் எகிறினதில் பிடுங்குறவர் கைக்கும் ஆபத்து.

அடுத்து வந்தது ஆக்சிஜன் சென்சார். 1977 மாடலில் வோல்வோ கலிஃபோர்னியாவுக்காக பாஷ் தயாரிப்பைப் போட்டு ஆரம்பிச்சது. புகையில் மிச்சமிருக்கிற ஆக்சிஜனைப் பார்த்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிலிண்டர் எரியலைன்னா அதில் போன ஆக்சிஜனும் செலவாகாம வெளியே வரும். சென்சார் அதைப் பார்த்து "பெட்ரோல் பத்தலை"ன்னு புகார் சொல்லும். கம்ப்யூட்டர் இன்னும் ஊத்தும். கன்வர்ட்டர் இன்னும் சீக்கிரம் சாகும். புத்திசாலிகள் சேர்ந்து முட்டாள்தனம் பண்றதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது :-)

இப்போ மினிவேன். ஃபோர்டிலிருந்து துரத்தப்பட்ட லீ ஐயகோக்காவும் ஹால் ஸ்பெர்லிக்கும், அரசாங்கம் 150 கோடி டாலர் கடனுக்கு ஜாமீன் நின்னதால் பிழைச்ச கிரைஸ்லரில், 1983 நவம்பரில் கனடாவின் வின்ட்ஸரிலிருந்து இறக்கின வண்டி. டாட்ஜ் கேரவன், பிளைமவுத் வாயேஜர். முன்சக்கர டிரைவ், குறுக்கே வச்ச இன்ஜின். உள்ளே ஏழு பேர் உட்காரலாம். ஆனா பின்னாடி வி6 இன்ஜின் வந்தப்போ பாதி பிளக்குகள் டாஷ்போர்டு பக்கச் சுவரோட ஒட்டிக்கிட்டு, கண்ணுக்கும் கைக்கும் எட்டாமப் போச்சு. குடும்ப வண்டியின் வசதிக்கு மெக்கானிக்கின் முட்டிதான் விலை.

80களின் கடைசியில் வந்த கிரைஸ்லர் வேன்களில் ஒரு ரகசியம் உண்டு. சாவியை ஆன்-ஆஃப்-ஆன்-ஆஃப்-ஆன்னு அஞ்சு செகண்டுக்குள்ள திருப்பினா செக் இன்ஜின் லைட் கண் சிமிட்டிக் கணக்கு சொல்லும். ஒண்ணு, இடைவெளி, ரெண்டுன்னா பன்னிரண்டு: சமீபத்தில் பேட்டரி கழட்டப்பட்டது. அம்பத்தஞ்சுன்னா பேச்சு முடிஞ்சது. கலிஃபோர்னியா 1988 மாடல்களிலிருந்து கட்டாயமாக்கின முதல் தலைமுறை சுயபரிசோதனைக் காலம் அது. சென்சார் வயர் அறுந்தா சொல்லும். மூணாவது சிலிண்டர் எரியலைன்னா அதுக்குத் தெரியாது.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ரெண்டாம் தலைமுறை, ஓபிடி-2. 1994ல் தொடங்கி 1996 மாடலில் அமெரிக்காவின் எல்லாக் கார்களுக்கும் கட்டாயம். மிஸ்ஸிங்கைக் கண்காணிச்சே ஆகணும்னு விதி. கண்டுபிடிச்ச வழி அழகு. ஒவ்வொரு முறை சிலிண்டர் எரியும்போதும் கிராங்க்ஷாஃப்ட் ஒரு துளி வேகம் எடுக்கும். எரியலைன்னா ஒரு துளி தளரும். ஐடிலிங்கில் 700 சுற்றுன்னா ஆறு சிலிண்டர் இன்ஜினில் நிமிஷத்துக்கு 2100 வெடிப்பு, செகண்டுக்கு 35. கிராங்க் சென்சார் அத்தனையையும் ஒவ்வொண்ணா எண்ணுது. வயரைப் பிடுங்கி சுருதி கேட்ட மெக்கானிக்கின் அதே காது, வயரைப் பிடுங்காம. குண்டும் குழியுமான ரோட்டில் சக்கரத்தின் அதிர்ச்சியும் கிராங்க் வரைக்கும் வந்து குழப்பும். அதனால சில கம்பெனிகள் ஏபிஎஸ் சென்சாரைக் கேட்டு "இது ரோடுதான்"னு உறுதி பண்ணிக்கிட்டாங்க. லைட் எரிஞ்சா தப்பு இருக்கு. சிமிட்டினா கன்வர்ட்டர் இப்பவே வெந்துக்கிட்டிருக்கு. சிமிட்டலுக்கு அர்த்தமே அதுதான்.

ஆனா விதி கேட்டது "எந்தச் சிலிண்டர்"ன்னு மட்டும்தான். "ஏன்"னு கேட்கலை. எங்க வீட்டு வேனில் (எந்தக் கம்பெனின்னு வேணாம், மூணாவது கை, வி6) பி0303 வந்தப்போ ஒரு ஒர்க்‌ஷாப்பில் காயில், வயர், பிளக், இன்ஜெக்டர் எல்லாத்தையும் மாத்தணும்னு வண்டி விலையில் பாதிக்கு எஸ்டிமேட் குடுத்தாங்க. அந்த மாதிரி இன்ஜினில் ஒரே காயில் மூணுக்கும் ஆறுக்கும் சேர்த்துத் தீப்பொறி தரும். காயில் போயிருந்தா ஆறும் படுக்கணும். ஆறு ஆரோக்கியமா இருக்கு. வாக்குவம் குழாய் பெரிசா ஒழுகினாலோ, ஐடிலிங்கில் மூடியிருக்க வேண்டிய ஈஜிஆர் வால்வு திறந்தே நின்னாலோ பெரும்பாலும் ஒரு சிலிண்டரோட நிற்காது. மிச்சம் பிளக், அதோட வயர், இன்ஜெக்டர், வால்வு. செலவு கம்மியானதிலிருந்து தொடங்கினேன். வண்டிக்கு அடியில் படுத்து, பார்க்காமலே தடவிக் கழட்டின பின்பக்கப் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழே தலைமுடி மாதிரி ஒரு கருப்புக் கோடு. தீப்பொறி உள்ளே குதிக்காம வெளிவழியா நழுவின தடம். புதுப் பிளக்கும் வயரும் போட்டதும் உதறல் நின்னது.

இங்கே பல மாநிலங்களில் செக் இன்ஜின் லைட் எரிஞ்சா புகைப் பரிசோதனையில் ஃபெயில். பாஸ் ஆகலைன்னா ரோட்டில் ஓட்ட முடியாது. காத்து சுத்தமானதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா அந்த லைட்டுக்குப் பயந்து தேவையில்லாத பாகத்துக்கெல்லாம் பணம் குடுக்கிறது பெரும்பாலும் பழைய வேனை விட்டா வேற வழியில்லாத குடும்பங்கள்தான். பேட்டரியைக் கழட்டி மாட்டினா லைட் அணையும், உண்மைதான். ஆனா கம்ப்யூட்டர் தன் சோதனைகளையெல்லாம் மறுபடி முடிக்கிற வரைக்கும் "தயார் இல்லை"ன்னு பரிசோதனைச் சாலையில் சொல்லிடும். ரிப்பேர் முடிஞ்சு கோடை அழிச்ச பிறகும் அதே கதைதான். அதனால நாலு நாள் கொஞ்சம் ஹைவே, கொஞ்சம் சிக்னல்னு சும்மா சுத்தி, எல்லாம் "தயார்"னு வந்த பிறகுதான் டெஸ்டுக்கு வரிசையில் நின்னேன்.