வீட்டு டிவிடி பதிவுக் கருவி: பத்தாண்டுகளில் வந்து மறைந்த கதை



வீடியோ நாடாவின் வரலாற்றை எழுதியோர் பலர். இணையவழிக் காணொளியின் வளர்ச்சியைப் பற்றியும் நிறையவே படிக்கின்றோம். இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இல்லங்களில் குடியிருந்த டிவிடி பதிவுக் கருவியைப் பற்றி நான் தமிழில் படித்தது மிகக் குறைவு. பிள்ளைகளின் மேடைப் பேச்சு, தாத்தாவின் எண்பதாம் கலியாணம், பள்ளி ஆண்டு விழா எனக் குடும்ப ஆவணங்கள் பல இக்கருவியின் வழியே வட்டில் ஏறின. அவ்வட்டுகள் இன்றும் நம் அலமாரிகளில் உள்ளன. ஆனால் அவற்றுள் சில ஓட மறுக்கின்றன. காரணம் அறிய வேண்டுமாயின் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1975ஆம் ஆண்டு சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் நாடாவையும், 1976ஆம் ஆண்டு ஜேவிசி நிறுவனம் விஎச்எஸ் நாடாவையும் ஜப்பானில் வெளியிட்டன. தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிந்து வைத்து, நமக்கு வாய்த்த நேரத்தில் பார்க்கலாம் என்பதே அப்போது பெரும் புதுமை. இஃது உரிமை மீறலாகுமா என்னும் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1984ஆம் ஆண்டு, ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில், அவ்வாறு பதிந்து பார்ப்பது குற்றமன்று என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் பிற்காலத்துப் பதிவுக் கருவிகளின் கதை வேறாகியிருக்கும்.

நிற்க. டிவிடி இயக்கி 1996ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதில் பார்க்கலாம், பதிய முடியாது. அக்குறையை முதலில் நீக்கியது பயனியர் நிறுவனம். 1999 டிசம்பரில் டிவிஆர்-1000 என்னும் கருவியை அந்நிறுவனம் ஜப்பானில் வெளியிட்டது. விலை இரண்டரை இலட்சம் யென். அழித்து எழுதத்தக்க டிவிடி-ஆர்டபிள்யூ வட்டில் அது பதிந்தது. அடுத்த ஆண்டு பானாசோனிக் தன் கருவியைக் கொண்டுவந்தது. 2001ஆம் ஆண்டு பிலிப்ஸ் மூன்றாவது வழியொன்றைத் திறந்தது.

மூன்று வழி என்றேன். வாங்கியோர் பட்ட பாடெல்லாம் அங்கிருந்துதான் தொடங்கிற்று. பயனியர் ஆதரித்தவை டிவிடி-ஆர், டிவிடி-ஆர்டபிள்யூ ஆகியவை. பானாசோனிக் ஆதரித்தது டிவிடி-ரேம். பிலிப்ஸ் ஆதரித்தது டிவிடி+ஆர்டபிள்யூ. கண்ணால் பார்த்தால் எல்லாமே ஒரே வட்டுதான். பெயரின் நடுவே இருக்கும் சிறு கோட்டையும் சிலுவைக் குறியையும் கவனியாமல் ஐம்பது வட்டுகள் கொண்ட கட்டு ஒன்றை வாங்கி வந்து, கருவி ஏற்காமல் திகைத்தவர்கள் எத்தனையோ பேர். கடைக்காரர்கள் 'மைனஸ்', 'பிளஸ்' என்றார்கள். உண்மையில் அது கழித்தல் குறியே அன்று; பெயரை இணைக்கும் சிறுகோடு. போட்டி அணியினர் கூட்டல் குறியை வைத்துக்கொண்ட பின்னரே இது கழித்தல் ஆயிற்று! 2003ஆம் ஆண்டளவில் சோனி இரு வகைகளையும் ஏற்கும் கருவியை வெளியிட்டது, பிறரும் பின்தொடர்ந்தனர். ஆயினும் முன்னரே வாங்கியவர்களுக்கு அதனால் என்ன பயன்?

ஒவ்வொரு வகைக்கும் ஒரு குணம் இருந்தது. டிவிடி-ரேம் வட்டில் ஓர் இலட்சம் முறை அழித்து எழுதலாம் என்றார்கள். ஒரு நிகழ்ச்சி பதிவாகிக்கொண்டிருக்கும்போதே அதன் தொடக்கத்தை ஓடவிட்டுப் பார்க்கவும் அதில் இயன்றது. ஆனால் பெரும்பாலான சாதாரண டிவிடி இயக்கிகள் அவ்வட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. டிவிடி-ஆர் மலிவு, எங்கும் ஓடும், ஒரே முறைதான் எழுதலாம். டிவிடி-ஆர்டபிள்யூ வட்டில் இருவகைப் பதிவு முறைகள் இருந்தன. விஆர் எனப்படும் முறையில் விளம்பரங்களை நுணுக்கமாக வெட்டி நீக்கலாம். அவ்வாறு வெட்டிய வட்டு மாமா வீட்டு இயக்கியில் ஓடாது. 'வீடியோ' முறையில் பதிந்தால் ஓடும்; வெட்டும் வசதி குறைவு. வசதியும் பொதுப் பயனும் ஒருசேரக் கிட்டவில்லை.

பதிவு நேரத்திலும் பேரம் உண்டு. 4.7 கிகாபைட் கொள்ளும் வட்டில் உயர்தர எக்ஸ்பி முறையில் ஒரு மணி நேரம், எஸ்பி முறையில் இரண்டு, எல்பி முறையில் நான்கு, ஈபி முறையில் ஆறு மணி நேரம் பதியலாம். சிக்கனம் கருதி ஆறு மணி நேர முறையில் பிள்ளையின் பரத நாட்டிய அரங்கேற்றத்தைப் பதிந்தவர்கள், இன்றைய பெருந்திரையில் அதைப் பார்க்கையில் முத்திரை பிடிக்கும் விரல்கள் கட்டம் கட்டமாய்ச் சிதைவதைக் காண்கின்றனர். அது வட்டின் பழுதன்று. தேர்ந்தெடுத்த முறையின் விளைவு.

இனி, திறக்க மறுக்கும் வட்டுகளுக்கு வருகிறேன். டிவிடி-ஆர் வட்டில் பதிந்த பின் 'ஃபைனலைஸ்' என்னும் இறுதிப்பணி ஒன்று உண்டு. அதுவரை அவ்வட்டு பொருளடக்கம் அச்சிடப்படாத நூல் போன்றது. பதிந்த கருவி மட்டும் தன் குறிப்பைக் கொண்டு எது எங்குள்ளது என்று அறியும். இறுதிப்பணியின்போதுதான் பிற இயக்கிகளும் படிக்கத்தக்க அட்டவணையும் எல்லைக் குறிகளும் வட்டில் எழுதப்படும். சில நிமிடங்களில் முடியும் வேலை. ஆனால் அதன்பின் அவ்வட்டில் மேற்கொண்டு எதையும் சேர்க்க இயலாது. வட்டில் இன்னும் இடம் இருக்கிறதே, அடுத்த வாரம் இன்னொன்றைப் பதியலாமே என்று எண்ணி இறுதிப்பணியைத் தள்ளிப்போட்டவர்களே மிகுதி.

அண்மையில் மாணவி ஒருவரின் தாயார் அத்தகைய வட்டொன்றைக் கொண்டுவந்தார். மேலே மையால் '2006' என்றும் அப்பாவின் பெயரும் எழுதியிருந்தன. அவர் தந்தையார் தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றி வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பேசிய பேச்சு அதில் உள்ளதாம். தந்தையார் மறைந்து பல ஆண்டுகளாகின்றன. வட்டில் ஒரு கீறல்கூட இல்லை. எந்த இயக்கியில் இட்டாலும் வெற்று வட்டு என்றே வந்தது. பதிந்த கருவியோ பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது. கூர்ந்து நோக்கினால் வட்டின் அடிப்புறத்தில் எழுதப்பட்ட பகுதி சற்று நிறம் மாறி வளையமாகத் தெரியும். அவ்வளையம் அங்கே தெளிவாகவே இருந்தது. பேச்சு உள்ளே இருக்கிறது, கதவுதான் இல்லை என்று அவரிடம் கூறினேன். கணினியில் ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள்கள் இறுதிப்பணி முடியாத வட்டையும் துருவிப் படிக்கும். அவ்வழியில் பெரும்பகுதி கிடைத்தது. பெரியவரின் குரல் தெளிவாக இருந்தது. பேத்தி அக்குரலை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டாள்.

வன்தட்டு இணைந்த கருவிகள் 2001ஆம் ஆண்டு தோஷிபா வெளியிட்ட ஆர்டி-2000 முதல் பரவின. முதலில் வன்தட்டில் பதிந்து, வேண்டியதை மட்டும் வட்டுக்கு மாற்றலாம். பயன்படுத்தியோர் பலரும் இதையே சிறந்த வகை என்பர். என் கருத்தும் அதுவே. ஆயினும் வன்தட்டு பழுதானால் மாற்றாமல் விட்டவை அனைத்தும் போயின. விஎச்எஸ் நாடாவும் டிவிடியும் ஒரே பெட்டியில் அமைந்த கருவிகளும் வந்தன. பழைய நாடாக்களை வட்டாக்க எண்ணிய ஆசிரியர்களுக்கு அவை வரப்பிரசாதம். ஆனால் இரண்டு மணி நேர நாடாவை மாற்ற இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கடையில் வாங்கிய திரைப்பட நாடாக்கள் பலவற்றை மாக்ரோவிஷன் என்னும் தடுப்பு முறை படியெடுக்க விடவில்லை.

நம் வட்டாரத்தில் இன்னொரு சங்கடமும் இருந்தது. செயற்கைக்கோள் ஒளிபரப்பு அதற்குரிய பெட்டியின் வழியாகவே வரும். பதிவுக் கருவியால் அப்பெட்டியின் அலைவரிசையை மாற்ற இயலாது. ஆகவே கருவியில் நேரம் குறித்தால் மட்டும் போதாது. பெட்டியையும் அதே அலைவரிசையில் விட்டுச் செல்ல வேண்டும். இடையில் பிள்ளைகள் கார்ட்டூனுக்கு மாற்றிவிட்டால் நாடகத்திற்குப் பதில் கார்ட்டூன்தான் பதிவாகியிருக்கும்!

ஜப்பானில் வேறொரு பூட்டும் விழுந்தது. 2004 ஏப்ரல் முதல் அங்கு எண்முறை ஒளிபரப்பை ஒரே ஒரு முறைதான் பதியலாம் என்னும் கட்டுப்பாடு பரவலாக நடைமுறைக்கு வந்தது. வன்தட்டிலிருந்து வட்டுக்கு மாற்றினால் வன்தட்டில் இருந்தது அழிந்துவிடும். மாற்றும்போது கோளாறு நேர்ந்தால் இரண்டும் இல்லை. மக்களின் மனக்குறை பெருகவே, 2008 ஜூலையில் ஒன்பது படிகள் எடுக்கவும் பத்தாவதாக இடம்பெயர்க்கவும் இசைவளித்தனர்.

இக்கருவியின் முடிவும் ஒளிபரப்பு வழியாகவே வந்தது. 2007 மார்ச் முதல் அமெரிக்காவில் விற்பனைக்கென வரும் பதிவுக் கருவியில் அலைவாங்கி இருப்பின் அஃது எண்முறையையும் ஏற்க வேண்டும் என்று விதித்தனர். செலவைத் தவிர்க்க, அலைவாங்கியே இல்லாத கருவிகளைச் சில நிறுவனங்கள் விற்றன. ஜப்பானின் பெரும்பகுதியில் 2011 ஜூலையில் பழைய ஒளிபரப்பு நின்றது; அங்கே புளூரே கருவிகள் அவ்விடத்தை நிரப்பின. சிங்கப்பூரில் 2019 சனவரியிலும் மலேசியாவில் 2019 அக்டோபரிலும் பழைய ஒளிபரப்பு ஓய்ந்தபோது, எஞ்சியிருந்த கருவிகளின் அலைவாங்கிகள் பயனற்றுப் போயின.

அலைவாங்கி போயினும் கருவி போகவில்லை என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டுகிறேன். உங்கள் வீட்டில் அக்கருவி இன்னும் இயங்குமாயின், எறியும் முன்னர் வட்டுகளை ஒவ்வொன்றாக அதில் இட்டு இறுதிப்பணியை முடித்துவிடுங்கள். பின்னர் கணினியில் படியெடுங்கள். டிவிடி-ஆர் வட்டின் சாயம் வெயிலுக்கும் வெப்பத்திற்கும் கெடும். காரினுள் வைக்க வேண்டா. மேலே ஒட்டும் தாள் வட்டின் சுழற்சியைக் குலைக்கும். அதனை உரிக்க முயன்றாலோ வட்டே சேதமடையக்கூடும், ஆகையால் ஒட்டியது ஒட்டியபடியே இருக்கட்டும். டிவிடி-ரேம் வட்டாயின், அதனைப் படிக்கும் கணினி இயக்கிகள் சில இன்னும் பழைய பொருள் சந்தையில் கிடைக்கின்றன. இயக்கியின் முகப்பில் 'ரேம்' என்னும் குறி உள்ளதா என்று பார்த்து வாங்கவும்.