அப்பாவின் ஆமையோட்டுக் கண்ணாடி

என் அண்ணன் காலமாகி எழுபது நாள் ஆகிறது. அவர் டிரங்குப் பெட்டியில் இருந்த அப்பாவின் மூக்குக்கண்ணாடி என் பங்காக வந்தது. தேன் நிறம், நடுநடுவே கறுப்புத் திட்டுகள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியில் வாங்கியது. அப்பா அதை "எகாய்" என்பார். பிரெஞ்சு மொழியில் ஆமையோட்டுக்கு அதுதான் பேர். நான் அந்த வழியில் படித்தவன் என்பதால் அந்தச் சொல் இன்னும் காதில் இருக்கிறது.

என் பவருக்கு லென்ஸ் போட்டு அணிய ஆசைப்பட்டேன். ஆரம்பாக்கத்தில் பஸ் ஏறி கும்மிடிப்பூண்டியில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைத் தம்பி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"சார், இது பிளாஸ்டிக் இல்ல. ஹீட்டர்ல காட்டினா விரிஞ்சிடும். அதோட இது வனத்துறை சமாச்சாரம். நான் கை வைக்க மாட்டேன்."

ஆயுள் முழுக்க அரசாங்கக் கோப்பு பார்த்தவனுக்கே சட்டம் சொல்கிறாரே என்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தம்பி சொன்ன இரண்டும் சரி என்று தெரிந்தது.

நாம் ஆமையோடு என்பது அழுங்காமையின் முதுகிலுள்ள தகடுகள். முக்கியமானவை 13. நம் நகம் எந்தப் பொருளோ, அதுவும் அதே பொருள். பிளாஸ்டிக் பிரேமைச் சூடாக்கி, விரிந்ததும் லென்ஸை அழுத்திப் பொருத்துவார்கள். ஓட்டுக்கு உலர்ந்த சூடு ஆகாது, வெந்நீரில்தான் இளகும். இரண்டு துண்டுகளை ஈரம், சூடு, அழுத்தம் மூன்றையும் கொண்டு பசையே இல்லாமல் ஒட்டவைக்கலாம். பாரிஸில் போனே குடும்பத்தார் இன்றும் இந்தத் தொழில் செய்கிறார்கள், தடைக்கு முன்பே சேர்த்து வைத்த ஓடுகளைக் கொண்டு. முன்னாள் அதிபர் ழாக் சிராக்கின் கண்ணாடி அவர்கள் கைவேலை. எல்லா ஊரிலும் அந்தக் கை கிடைக்காது.

இந்த வியாபாரம் நமக்குப் புதிதல்ல. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற நூல், முசிறியில் மிளகோடும் முத்தோடும் ஆமையோடும் கப்பலேறியதைச் சொல்கிறது. அதே நூலில் வரும் பொதுகே என்ற துறைமுகம்தான் 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேடு என்பது அறிஞர் பலரின் கருத்து. நான் பிறந்த ஊருக்குப் பக்கம்!

அந்த நீண்ட வியாபாரம் என் வாலிபத்தில் முடிந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் இந்தியா 'சைட்டிஸ்' என்ற பன்னாட்டு உடன்பாட்டில் சேர்ந்தது. 1977க்குள் உலகெங்கும் அழுங்காமை வணிகத் தடைப் பட்டியலில் ஏறியது. அதிகமாக வாங்கிய ஜப்பான்கூட 1990களில் இறக்குமதியை நிறுத்தியது. நம் சட்டத்தில் கடலாமைகள் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. வாரிசாக வந்தாலும் 40ஆம் பிரிவின்படி 90 நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அப்பாவின் ஞாபகத்தை வனத்துறைக்கு எழுதிக் கொடுப்பதா என்று இரண்டு இரவு தூக்கமில்லை. யாருக்குத் தெரியப் போகிறது என்றும் ஒரு நினைப்பு வந்தது. அப்போது 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியது ஞாபகம் வந்தது. அது வேறு ஆமை, சாவுக்குக் காரணமும் வேறு. ஆனாலும் மனசு கேட்கவில்லை. இதே பழவேற்காட்டுக் கரைப் பக்கம்தானே நானும் குடியிருக்கிறேன்?

நேற்று விண்ணப்பம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். 'பொருள் கிடைத்த விதம்' என்று தலைப்பிட்டு, அதன் கீழ் அப்பா பெயரையும் அண்ணன் பெயரையும் எழுதியபோது கை கொஞ்சம் நடுங்கியது.

அப்படியே கும்மிடிப்பூண்டிக்கும் போனேன். அந்தத் தம்பியிடமே ஆமையோட்டு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பிரேம் வாங்கி லென்ஸ் போட்டுக்கொண்டேன். இதை அதன் வழியாகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்க மட்டும் வேண்டாம். பழைய செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று தீப்பிடிக்கும்.