நாற்பது பல், நாற்பத்து நாலு பல்

காரின் உயரத்தை வீட்டிலேயே ஏற்றி இறக்குவது என்றால் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது காயில்ஓவர். ஷாக் அப்சார்பரின் உடம்பில் மரை வெட்டியிருப்பார்கள். அதில் ஒரு வளையம், வளையத்தின் மேல் ஸ்பிரிங். கொக்கி ஸ்பேனரால் வளையத்தைத் திருகினால் கார் ஏறும் அல்லது இறங்கும். அவ்வளவுதான். ஆனா இந்த வளையம் பரவலாவதற்கு முன்னாடியே, அப்படி ஒரு மரை எங்கேயும் இல்லாத காரை வீட்டு வாசலில் நிறுத்தி ஏற்றி இறக்கியவர்கள் நிறையப் பேர். அந்தக் கார் ஃபோக்ஸ்வாகன் பீட்டில். அதற்குள் இருந்த சூட்சுமம் நாம் பள்ளிக்கூடத்தில் போட்ட மீச்சிறு பொது மடங்குக் கணக்கு!

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்த பிறகு அந்த ஸ்பிரிங் ஆடும் ஆட்டத்தை அடக்குவது ஷாக். 'அட்ஜஸ்டபிள்' என்று இரண்டையும் ஒரே பெயரில் சொல்கிறோம், ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை. ஷாக்கில் அந்த வசதி ரொம்பச் சீக்கிரமே வந்துவிட்டது. பிரான்சின் த்ரூஃபோ உருவாக்கி, அமெரிக்காவில் எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் விற்ற பழைய ஷாக்குகள் எண்ணெயே இல்லாதவை. வட்டத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். தகடு தேயத் தேய வண்டிக்காரரே ஸ்பேனர் எடுத்து இறுக்கிக்கொள்ள வேண்டும். பிற்பாடு நெதர்லாந்தின் கோனி ஷாக்கிலும் அதே எண்ணம்தான்: கழற்றி, முழுக்க உள்ளே அழுத்தி, அடியில் வால்வோடு கோத்துக்கொண்டதும் திருக வேண்டும். தேய்ந்து தளர்ந்த ஷாக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அது ஒரு வழி. ஸ்டைலுக்காக வந்த வசதி இல்லை இது, பராமரிப்புக்காக வந்தது.

ஸ்பிரிங் பக்கம் இவ்வளவு சுலபமாக இல்லை. நம்மூர் வில்வண்டிக்குப் பெயரே ஸ்பிரிங்கால் வந்தது. அந்த மாதிரிப் பட்டை ஸ்பிரிங்கில் உயரம் மாற்ற வேண்டுமென்றால் பட்டையைக் கூட்டணும், குறைக்கணும், இல்லை வளைவையே மாற்றணும். கடைசி வேலைக்குக் கொல்லர்தான் வேண்டும்.

இந்த இடத்தில்தான் டார்ஷன் பார் வருகிறது. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். பீட்டிலின் பின்பக்கம் குறுக்கே ஒரு குழாய் போகும். அதற்குள் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு எஃகுத் தண்டுகள். தண்டின் உள்முனை குழாயின் நடுவில் அசையாமல் பிடிக்கப்பட்டிருக்கும். வெளிமுனையில் ஸ்பிரிங் பிளேட் என்ற தட்டையான கை; அந்தக் கையின் மறுமுனையில் சக்கரத்தின் அச்சு. சக்கரம் மேலே போனால் தண்டு முறுக்கிக்கொள்ளும். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி.

தண்டின் இரண்டு முனைகளிலும் சுற்றிலும் பற்கள் வெட்டியிருக்கும். உள்முனையில் 40, வெளிமுனையில் 44. ஏன் இரண்டும் ஒரே எண்ணிக்கையாக இல்லை? உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 360-ஐ 40-ஆல் வகுத்து 9 டிகிரி. வெளியே ஒரு பல் என்றால் 8 டிகிரி 10 நிமிடம். இரண்டுமே பெரிய தாவல்கள்; ஒரே பல்லில் கார் இரண்டு அங்குலத்துக்கு மேல் ஏறிவிடும், இறங்கிவிடும். ஆனா உள்முனையை ஒரு பல் முன்னால் நகர்த்தி, வெளிமுனையை ஒரு பல் பின்னால் நகர்த்தினால்? 9-இல் இருந்து 8 டிகிரி 10 நிமிடம் போக, மிச்சம் வெறும் 50 நிமிடம். ஒரு டிகிரிகூட இல்லை. சக்கரத்தில் ஏறக்குறைய கால் அங்குலம். 40-க்கும் 44-க்கும் மீச்சிறு பொது மடங்கு 440. அதாவது இந்த இரண்டு முரட்டுப் பல்வரிசைகளும் சேர்ந்து ஒரு சுற்றில் 440 நிலைகளைத் தருகின்றன. 1631-இல் பியர் வெர்னியே தன் அளவுகோலில் செய்ததும் இதே தந்திரம்தான்: கொஞ்சம் வித்தியாசமான இரண்டு அளவுகளின் கழித்தலில் நுணுக்கத்தைப் பிடிப்பது. இதை முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது உண்மையிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு மலிவான தீர்வு!

கணக்கு சுலபம், வேலை அப்படி இல்லை. சக்கரத்தைக் கழற்றி, ஷாக்கின் கீழ் போல்ட்டை எடுத்து, அச்சையும் பிளேட்டையும் இணைக்கும் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். கழற்றும் முன் உளியால் ஒரு கோடு போட்டு வைக்கணும். இல்லாவிட்டால் சக்கரம் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பது தொலைந்துபோகும். பிளேட் சும்மா தொங்கிக்கொண்டிருக்காது. முறுக்கேறிய நிலையில் ஒரு முட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து நெம்பி விடுவிக்கும்போது விருட்டென்று கீழே அடிக்கும், கை இருந்தால் கை போச்சு. திரும்பப் பூட்டும்போது சங்கிலியும் ஜாக்கியும் வைத்து மேலே தூக்கி அந்த முட்டைத் தாண்ட வைக்கணும். இன்னொன்று, இடது வலது தண்டுகளை மாற்றிப் போடக் கூடாது. ஒவ்வொன்றையும் ஒரே திசையில் முறுக்கிப் பழக்கித்தான் தொழிற்சாலையில் தயாரித்திருப்பார்கள். எதிர்த்திசையில் முறுக்கினால் நாளாவட்டத்தில் உடையும்.

அளவு பார்ப்பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் கையேடு தரையிலிருந்து உயரத்தை அளக்கச் சொல்லவில்லை. சுமையே இல்லாமல் பிளேட் தொங்கும் கோணத்தை அளக்கச் சொல்கிறது. தரை சரிவாக இருக்கலாம், டயரில் காற்று குறைந்திருக்கலாம், பெட்ரோல் நிறைய இருக்கலாம். ஜாக்கியிலிருந்து இறக்கிய காரை நாலடி ஓட்டிப் பார்க்காவிட்டால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் தூக்கியே நிற்கும். உயரத்தை நம்பினால் இத்தனை பொய்களையும் நம்ப வேண்டும். கோணத்துக்கு ரசமட்டம் வைத்த ஒரு கோணமானி போதும். முதலில் காரின் உடல் எத்தனை சாய்ந்திருக்கிறது என்று பார்க்கணும், பிறகு பிளேட்டின் சாய்வைப் பார்த்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கணும். இரண்டு பக்கமும் ஒரே கோணம் வந்தாக வேண்டும். நாலு கால் மேஜையில் ஒரு கால் நீண்டால் அந்தக் காலும் அதன் மூலைவிட்டக் காலும் மட்டும் சுமப்பது போல, ஒரு பக்கப் பிளேட் தவறினால் எடை கோணலாகப் பிரிந்து, பிரேக் பிடிக்கும்போது ஒரு சக்கரம் முதலில் வழுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கார் நேராகவே தெரியலாம்.

உயரத்தோடு சேர்ந்து இன்னொன்றும் மாறும். 1960-களின் அமெரிக்கப் பீட்டில்களில் பெரும்பாலானவை ஸ்விங் ஆக்சில்: அச்சின் ஒரே மூட்டு கியர்பாக்ஸ் பக்கம். பின்பக்கத்தைத் தூக்கினால் சக்கரங்களின் அடிப்பகுதி உள்பக்கம் சாயும். அப்படித் தூக்கிய காரை வளைவில் வேகமாகத் திருப்பினால் வெளிச்சக்கரம் அடியில் மடங்கிக்கொள்ளப் பார்க்கும். 1965-இல் ரால்ஃப் நாடர் தன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் செவ்ரலே கோர்வேரைப் பிடிபிடி என்று பிடித்தது இதே வகை அச்சுக்காகத்தான். பிளேட்டை மேலும் ஒரு பல் கீழே இறக்கிவிட்டு 'பார்க்க கம்பீரமா இருக்கு' என்று சொன்னவர்கள் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

தெரிந்தோ தெரியாமலோ இதில் இறங்க வேண்டிய கட்டாயம் ஒரு கூட்டத்துக்கு வந்தது. 1964-இல் கலிஃபோர்னியாவில் படகு கட்டிக்கொண்டிருந்த புரூஸ் மேயர்ஸ், ஃபைபர்கிளாஸில் 'மேயர்ஸ் மேன்க்ஸ்' என்ற மணல்மேட்டு வண்டியை உருவாக்கினார். சீக்கிரமே அது வீட்டில் கட்டிக்கொள்ளும் கிட் ஆனது. பழைய பீட்டிலின் உடலைத் தூக்கி எறிந்து, தரைச்சட்டத்தில் சுமார் 14 அங்குலம் வெட்டிச் சேர்த்து, மேலே ஃபைபர் உடலைக் கவிழ்த்தால் வண்டி தயார். எடை பாதி போய்விடுகிற மாதிரி. ஸ்பிரிங் மட்டும் பழையபடி பீட்டிலுக்கான முறுக்கில் இருக்கும். பின்பக்கம் தேளின் வால் போலத் தூக்கிக்கொண்டு நிற்கும். மேலே சொன்ன ஆபத்து, கேட்காமலே வந்து சேரும்.

கையேட்டின் கோணமோ முழு பீட்டிலுக்கானது. புது எடைக்கு எந்த அட்டவணையும் கிடையாது. ஒரு கணக்குப் போட்டு, பல் மாற்றி, எல்லாவற்றையும் பூட்டி, ஓட்டி, பார்த்து, சரியில்லையா, மறுபடி கழற்று. இந்த எரிச்சலுக்கு மருந்தாகப் பிற்பாடு இரண்டு துண்டாகப் பிரிந்த ஸ்பிரிங் பிளேட்டுகள் கடைகளுக்கு வந்தன. முதல் தடவை பல்லை ஏறத்தாழ வைத்துவிட்டால் போதும். மிச்சத்தைக் காருக்கு அடியில் படுத்தபடி ஒரு போல்ட்டைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். 440 நிலைகள் இருந்த இடத்துக்குக் கடைசியில் மரையே வந்து சேர்ந்தது.